ஆவிக்குரிய யுத்தம் என்றால் என்ன, சபை உண்மையில் எங்கே தோற்கிறது?

பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிற யாரும் "ஆவிக்குரிய யுத்தம்" என்ற வார்த்தையைக் கேட்காமல் இருக்க முடியாது. மைக் செட் மக்கர் பண்ணினால் சத்துருவின் போராட்டம், வாடகைக் கட்டடத்தை ஓனர் காலி பண்ணச் சொன்னால் போராட்டம், பாடல் குழுவில் இரண்டு பேருக்குள் முட்டிக்கொண்டால் அதுவும் போராட்டம். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டதால், சபையை உண்மையிலேயே பலவீனப்படுத்துகிற விஷயங்கள் நம் கண்ணில் படுவதே இல்லை. இந்தப் போதனையைப் புதிதாகக் கேட்கிறவர்களுக்கும், பல வருடம் கேட்டும் குழப்பம் தீராதவர்களுக்கும்தான் இந்தக் கட்டுரை. நானும் பெந்தெகொஸ்தேக்காரன்தான், பிசாசே கிடையாது என்று சொல்ல வரவில்லை.

## வேதத்தில் இது எப்படி வருகிறது

தேவனுக்கு விரோதமான, கண்ணுக்குத் தெரியாத சக்திகள் உண்டு. அவை மனிதரை வஞ்சித்தும் சோதித்தும் விசுவாசத்தைவிட்டு விலக்கப் பார்க்கின்றன. அவற்றை எதிர்த்து விசுவாசி நிலைத்து நிற்பதற்குப் பெயர்தான் ஆவிக்குரிய யுத்தம். இதற்கு எல்லாரும் எடுக்கிற வசனம் எபேசியர் 6:12, நம்முடைய போராட்டம் மாம்சத்தோடும் இரத்தத்தோடும் அல்ல என்பது.

எபேசியர் என்பது அப்போஸ்தலனாகிய பவுல் எழுதின கடிதம். அது போன ஊரைக் கொஞ்சம் கவனியுங்கள். எபேசு, மந்திர தந்திரத்துக்குப் பேர்போன ஊர். அங்கே மனந்திரும்பினவர்கள் தங்கள் மந்திரப் புத்தகங்களைக் கொண்டுவந்து எரித்தபோது அவற்றின் விலை 50,000 வெள்ளிக்காசு ஆனது என்று அப்போஸ்தலர் 19 கணக்கே போட்டுச் சொல்கிறது. ஆகவே தாயத்தையும் மந்திரத்தையும் கரைத்துக் குடித்த ஜனங்களுக்குத்தான் பவுல் இதை எழுதுகிறார். "பழைய மந்திரத்தை விடுங்கள், இதோ அதைவிடப் பலமான ஒன்று" என்று அவர் எதையும் நீட்டவில்லை. சத்தியம் என்னும் கச்சை, நீதி என்னும் மார்க்கவசம், சமாதானத்தின் சுவிசேஷம், விசுவாசம், இரட்சணியம், தேவவசனம் என்னும் பட்டயம், அப்புறம் விழிப்பான ஜெபம். இவ்வளவுதான் சர்வாயுதவர்க்கம், அதாவது போர்வீரனுடைய முழு ஆயுதமும். பட்டியலில் முதல் இரண்டுமே நடத்தை சம்பந்தப்பட்டவை. பொய் சொல்கிறவருக்குக் கச்சை இல்லை, காணிக்கையில் கைவைக்கிறவருக்கு மார்க்கவசம் இல்லை. அவர் மேடையில் நின்று பட்டயத்தை எவ்வளவு வேகமாக வீசினாலும் சரி.

## ஏரிக் கரையும் எலி வளையும்

கிராமத்து ஏரி எப்படி உடைகிறது என்று பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். அடைமழை இரவில் ஊரே கரையில் நிற்கும், டார்ச் அடித்துக்கொண்டு, மணல் மூட்டையோடு, கூச்சலோடு. தண்ணீர் ஏறுவது எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. ஆனால் கரை உடைகிற இடம் பெரும்பாலும் எலியோ நண்டோ கோடைக்காலத்தில் வளை தோண்டிய இடமாக இருக்கும். தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் முட்டுகிறது, வளை இருக்கிற இடத்தில் மட்டும் உள்ளே புகுந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் குடிமராமத்து என்று ஊரே சேர்ந்து வெயில் காலத்தில் கரையைப் பார்த்துப் பார்த்து அடைத்தது இதற்காகத்தான். அந்த வேலையில் சத்தமும் கிடையாது, பரபரப்பும் கிடையாது.

பவுல் சொல்வதும் இதேதான். எபேசியர் 4-ல், கோபத்தை மறுநாள்வரை வைத்திருக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு உடனே "பிசாசுக்கு இடங்கொடாமலும் இருங்கள்" என்கிறார். பிசாசு முட்டுவது அவன் வேலை, இடம் கொடுப்பது நம் கையில் இருக்கிறது.

நிருபங்களில், அதாவது அப்போஸ்தலர் எழுதின கடிதங்களில், பிசாசின் பெயர் எங்கெல்லாம் வருகிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து தேடிப் பாருங்கள். கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். 2 கொரிந்தியர் 2-ல் தவறு செய்து வருந்தினவனை மன்னிக்காமல் விட்டால் சாத்தான் நம்மை மோசம் போக்குவான் என்று வருகிறது. 1 தீமோத்தேயு 3-ல் புதிதாக விசுவாசத்துக்கு வந்தவனைக் கண்காணியாக்கினால் (சபைத் தலைவனாக்கினால்) அவன் பெருமை கொண்டு பிசாசு விழுந்த இடத்திலேயே விழுவான் என்கிறார். யாக்கோபு 3-ல் பேய்த்தனம் என்று சொல்லப்படுவது சபைக்குள் இருக்கிற பொறாமையும் விரோதமும். 1 கொரிந்தியர் 7-ல் ஜெபத்துக்காகக்கூட கணவனும் மனைவியும் ரொம்ப நாள் பிரிந்திருக்காதீர்கள், சாத்தான் சோதிப்பான் என்கிறார் (வீட்டை மறந்து மாதக்கணக்கில் ஊழியப் பயணம் போகிற சிலர் இதை வாசிப்பதாகத் தெரியவில்லை). அப்போஸ்தலர் நடபடிகளில் சாத்தானின் பெயர் முதன்முதலாக வருவது 5-ம் அதிகாரத்தில். விஷயம் என்ன? நிலம் விற்ற பணத்தைப் பற்றி அனனியா என்ற விசுவாசி சொன்ன பொய்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: எதிரி உண்டு, அவன் முட்டுவதும் உண்டு. அவன் உள்ளே வருகிற வாசல்களாக வேதம் காட்டுவது கோபம், மன்னிக்காத மனம், பெருமை, பொறாமை, பணம். எல்லாமே சபைக்கு உள்ளே இருப்பவை.

## ஊரை ஆளும் ஆவியைக் கட்டுவது

அப்படியானால் "இந்த ஊரை ஆளுகிற ஆவியே, உன்னைக் கட்டுகிறேன்" (செயல்படவிடாமல் தடுக்கிறேன்) என்ற ஜெபம் எங்கிருந்து வந்தது? நிறையப் பேர் இது ஆதிச் சபையிலிருந்தே வருகிறது என்று நினைக்கிறார்கள். இன்று நாம் பார்க்கிற வடிவத்தில் இது 1980-களின் கடைசியிலும் 1990-களிலும் பரவியது. கலிபோர்னியாவில் ஃபுல்லர் செமினரியில் பேராசிரியராக இருந்த பீட்டர் வாக்னர் இதற்கு முக்கியக் காரணம். அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் சொன்னது பிராந்திய ஆவிகள் என்ற கருத்து, அதாவது ஒவ்வொரு ஊருக்கும் நாட்டுக்கும் மேல் ஒரு பொல்லாத ஆவி அதிகாரியாக இருக்கிறது, அதன் பெயரையும் வரலாற்றையும் ஆராய்ந்து கண்டுபிடித்து ஜெபத்தில் கவிழ்த்தால் அந்த ஊரில் எழுப்புதல் வரும், அதாவது ஜனங்கள் திரளாகத் தேவனிடம் திரும்புவார்கள் என்பது. ஊரின் வரைபடத்தை விரித்து ஜெபிப்பது, மலையேறி ஜெபிப்பது, தெருத்தெருவாக ஜெப நடை போவது, இதெல்லாம் இந்த அலையில் பெரிதானவை.

ஆதாரமாகக் காட்டப்படுவது தானியேல் 10. பெர்சியா ராஜ்யத்தின் அதிபதி 21 நாள் எதிர்த்து நின்றான் என்று தூதன் சொல்கிற பகுதி. பகுதி உண்மைதான், ஆனால் அந்த 21 நாளும் தானியேல் என்ன செய்துகொண்டிருந்தார்? துக்கித்து, ருசிகரமான சாப்பாட்டை ஒதுக்கி, தேவனிடத்தில் மன்றாடினார். அப்படி ஒரு அதிபதி இருப்பதே தூதன் வந்து சொன்ன பிறகுதான் அவருக்குத் தெரிகிறது. அவனோடு அவர் பேசவுமில்லை, அவனைக் கட்டவுமில்லை. யூதா நிருபத்திலோ பிரதான தூதனாகிய மிகாவேலே பிசாசைத் தூஷணமாய்க் குற்றப்படுத்தத் துணியாமல், கர்த்தர் உன்னைக் கடிந்துகொள்வாராக என்று சொன்னதோடு நிறுத்திக்கொண்டார்.

தனி மனிதரிடத்திலிருந்து பிசாசைத் துரத்துவது வேறு விஷயம். இயேசுவும் அப்போஸ்தலரும் அதைச் செய்தார்கள், செய்யச் சொன்னார்கள், அதை மறுத்தால் நாம் பெந்தெகொஸ்தே என்று சொல்லிக்கொள்வதிலேயே அர்த்தம் இல்லை. ஆனால் துரத்திவிட்டுச் சந்தோஷமாக வந்த சீஷர்களிடம் இயேசு, அதற்காகச் சந்தோஷப்படாமல் உங்கள் பெயர் பரலோகத்தில் எழுதியிருப்பதற்காகச் சந்தோஷப்படுங்கள் என்றார். மத்தேயு 7-ல் உமது நாமத்தில் பிசாசுகளைத் துரத்தினோமே என்று கேட்கிறவர்களுக்கே, நான் உங்களை அறியவில்லை என்ற பதில் கிடைக்கிறது. துரத்துகிற வல்லமை ஒருவருடைய நடத்தைக்குச் சான்றிதழ் ஆகாது.

## அசுசா தெரு

உலகப் பெந்தெகொஸ்தே இயக்கத்தின் பெரிய ஊற்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் அசுசா தெரு. அதற்கு முன்பே, 1860-ல், திருநெல்வேலிப் பக்கம் அருளப்பன் ஊழியத்தில் அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் வந்த எழுப்புதல் உண்டு. அது தனிக் கதை, இன்னொரு நாள் பார்க்கலாம். அசுசா ஏன் தேவை என்றால், எழுப்புதல் எப்படித் தேய்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை.

1906 ஏப்ரலில் தொடங்கியது. நடத்தியவர் வில்லியம் சீமோர், அடிமைகளாக இருந்தவர்களின் மகன். ஹூஸ்டனில் சார்ல்ஸ் பாராம் நடத்திய வேதப் பள்ளியில் கறுப்பர் என்பதால் வகுப்பறைக்கு வெளியே உட்கார்ந்து பாடம் கேட்டவர். ஒரு காலத்தில் குதிரை லாயமாகவும் கிடந்த பழைய கட்டடத்தில், மரப்பெட்டிகளை அடுக்கிப் பிரசங்க மேடையாக்கி ஊழியம் நடந்தது. காணிக்கைத் தட்டு சுற்றிவரவில்லை, வாசல் பக்கம் ஒரு பெட்டி இருந்தது, கொடுக்கிறவர்கள் அதில் போட்டார்கள். கறுப்பரும் வெள்ளையரும் மெக்சிகோக்காரரும் ஒரே இடத்தில் முழங்கால் போட்டார்கள். அந்த நாட்டில், அந்த வருடத்தில், அதுவே ஒரு அதிசயம்.

பிறகு நடந்ததைப் பாருங்கள். அதே 1906 அக்டோபரில் பாராம் வந்தார், இனங்கள் கலந்து நிற்பதையும் கூட்டத்தின் போக்கையும் கேவலமாகப் பேசிவிட்டுப் போனார். 1908-ல் சீமோர் திருமணம் செய்தார், அதையொட்டி உடனூழியருக்குள் பிணக்கு. ஊழியப் பத்திரிகையை நடத்திய பெண்மணி போர்ட்லாந்து நகரத்துக்குப் போக, உலகம் முழுவதும் பத்திரிகை அனுப்புகிற முகவரிப் பட்டியலும் கூடவே போய்விட்டது. 1911-ல் வில்லியம் டர்ஹாம் என்கிற ஊழியர் பரிசுத்தமாகுதல் பற்றி வேறு உபதேசத்தோடு வந்து கூட்டத்தைத் தன் பக்கம் இழுத்தார், சீமோர் ஊர் திரும்பிக் கதவைப் பூட்டினார், ஜனங்களில் நிறையப் பேர் டர்ஹாமோடு போய்விட்டார்கள். 1914-ல் ஹாட் ஸ்பிரிங்ஸ் நகரத்தில் அசெம்பிளீஸ் ஆஃப் காட் என்ற பெந்தெகொஸ்தே சபை அமைப்பு உருவானபோது அது ஏறக்குறைய முழுக்க வெள்ளையர் கூட்டம். 1922-ல் சீமோர் இறந்தபோது மீதி இருந்தது சின்னஞ்சிறு சபை. அமெரிக்காவின் கறுப்பு, வெள்ளைப் பெந்தெகொஸ்தே சபைகள் பொது அமைப்பு ஒன்றில் மறுபடி சேர்ந்து உட்கார 1994 அக்டோபர், மெம்ஃபிஸ் நகரம்வரை ஆனது.

இந்தக் கதையில் எந்த இடத்திலும் பில்லி சூனியம் இல்லை. இன வெறுப்பு இருக்கிறது, மனக்கசப்பு இருக்கிறது, என் உபதேசம் உன் உபதேசம் இருக்கிறது. நம் ஊரில் இன வெறுப்பு என்ற இடத்தில் சாதியைப் போட்டு வாசித்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பானம் பண்ணிவிட்டு, பிள்ளைக்கு வரன் பார்க்கும்போது மட்டும் "நம்ம ஆளுங்களா?" என்று விசாரிக்கிற விசுவாசிகள் எல்லாச் சபையிலும் உண்டு. அதைச் சாதி ஆவி என்று பெயர் வைத்துக் கட்டி ஜெபித்துவிட்டு மறுபடியும் அதே தரகரிடம் போகிறோம்.

## பணம்

மல்கியா 3-ல் தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) கொண்டுவந்தால் பட்சித்துப்போடுகிறவைகளைக் கண்டிப்பேன் என்று ஒரு வாக்குத்தத்தம் உண்டு. அந்த வசனமே பூமியின் கனியையும் திராட்சச் செடியையும் பற்றிப் பேசுகிறது, அதாவது பயிரைத் தின்கிற பூச்சி. ஆனால் மேடையில் இது "பட்சிக்கிற ஆவி" ஆகி, காணிக்கை குறைந்தால் அந்த ஆவி ஆஸ்பத்திரிச் செலவாக வீட்டுக்குள் வரும் என்று முடிகிறது. ஆவிக்குரிய யுத்தம் இப்படித்தான் வசூல் யுத்தமாகிறது. பயந்து கொடுக்கிறது ஏழை வீடு.

இதோடு சேர்ந்து வருவது செழிப்பு உபதேசம். விசுவாசமும் காணிக்கையும் சரியாக இருந்தால் சுகமும் செல்வமும் நிச்சயம், வரவில்லை என்றால் உன் விசுவாசம்தான் குறைவு என்கிற போதனை. இதைப் பரப்பினவர்களில் முதல் வரிசையில் வைக்கப்படுகிறவர் கென்னத் ஹேகின். அவரே தன் முதிர்ந்த வயதில், 2000-ல், காணிக்கையை நூறு மடங்காகத் திரும்ப வாங்குகிற சூத்திரமாக்கிவிட்டார்கள் என்று கண்டித்துப் புத்தகம் எழுதினார். நம் ஊரில் அந்தப் பகுதி மட்டும் மொழிபெயர்ந்து வந்த மாதிரித் தெரியவில்லை.

சரி, ஜெபம் குறைந்த சபைதான் பணத்தில் விழும் என்று யாராவது சொன்னால், கொரியாவைப் பார்க்கச் சொல்லுங்கள். யோங்கி சோ 1958-ல் தொடங்கிய யோய்டோ முழுச் சுவிசேஷ சபை 7 லட்சம் அங்கத்தினரைத் தாண்டி வளர்ந்தது. அவர்களுடைய ஜெப மலையைப் பற்றித் தமிழ்ப் பிரசங்கங்களில் கேட்டே நாம் வளர்ந்திருக்கிறோம். அதே யோங்கி சோ, மகனிடமிருந்த பங்குகளைச் சந்தை விலையைவிட அதிகமாகக் கொடுத்துச் சபைப் பணத்தில் வாங்கவைத்து, சுமார் 1,300 கோடி வோன் நஷ்டம் உண்டாக்கினார் என்று 2014-ல் சியோல் நீதிமன்றம் குற்றவாளியாகத் தீர்த்தது. சிறைத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. புகார் கொடுத்தது அந்தச் சபையின் மூப்பர்கள் சிலரே. இதை வைத்து அவருடைய ஊழியம் முழுவதையும் பொய் என்று நான் சொல்லமாட்டேன். இவ்வளவு ஜெபித்த சபையிலும் கணக்குப் புத்தகத்தைத் தனியாகப் பார்க்க வேண்டியிருந்தது என்பதுதான் விஷயம்.

## கேள்வி கேட்க முடியாத ஊழியர்

"நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதிருங்கள்." சங்கீதம் 105-ல் வருகிற இந்த வார்த்தை, ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் பரதேசிகளாய்ச் சுற்றித் திரிந்தபோது அவர்களுக்குத் தீங்கு செய்யாதபடி ராஜாக்களுக்குச் சொல்லப்பட்டது. வருட வரவு செலவைக் கேட்ட விசுவாசிக்குச் சொல்லப்பட்டது இல்லை. அந்தியோகியாவில் பேதுரு தவறு செய்தபோது பவுல் எல்லாருக்கும் முன்பாக முகமுகமாய் எதிர்த்தார். பேதுருவைவிட அபிஷேகம் பெற்றவர் யார் நம் தெருவில் இருக்கிறார்?

அந்தப் பேதுருவே எழுதின 1 பேதுரு 5-ஐ எடுங்கள். கெர்ச்சிக்கிற சிங்கம்போல் பிசாசு சுற்றித் திரிகிறான் என்ற 8-ம் வசனம் எல்லாருக்கும் மனப்பாடம். அதே அதிகாரத்தில் ஆறு வசனம் மேலே போனால், மூப்பர்களே, அவலட்சணமான ஆதாயத்துக்காக மேய்க்காதீர்கள், மந்தையை இறுமாப்பாய் ஆளாதீர்கள் என்று இருக்கிறது. சிங்கத்தைப் பற்றிப் பேசுமுன் பேதுரு மேய்ப்பனைப் பற்றிப் பேசுகிறார்.

இப்போது விசுவாசிக்கு மேலே ஒரு ஊழியர் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்று "கவரிங்", "ஆவிக்குரிய தகப்பன்" என்றெல்லாம் கேட்கிறோமே, அதுவும் புதிது இல்லை. 1970-களில் ஃபுளோரிடாவில் ஐந்து போதகர்கள் சேர்ந்து தொடங்கின மேய்ப்பு இயக்கத்தில், விசுவாசி தன் வேலை, வீடு, கல்யாணம்வரை மேலே இருக்கிற மேய்ப்பனைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும் என்ற நிலை வந்தது. ஐவரில் ஒருவர், தமிழ் விசுவாசிகளுக்கு நன்றாகத் தெரிந்த டெரிக் பிரின்ஸ். அவர் பிறகு விலகிக்கொண்டார். இன்னொருவரான பாப் மம்ஃபோர்ட் பின்னாளில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். இங்கே நடக்கிறதற்கு மன்னிப்புக் கேட்கிற கட்டம் இன்னும் வரவில்லை.

மறுபடி ஒரு சுருக்கம்: பணத்துக்குக் கணக்கு இல்லாததும், ஊழியருக்கு மேல் கேள்வி கேட்க ஆள் இல்லாததும் சேர்ந்தே வளர்கின்றன. இரண்டுக்கும் பாதுகாப்பாக நிற்பது "கேட்டால் சாபம் வரும்" என்ற பயம்.

## தீர்க்கதரிசனமும் மாத்திரையும்

இந்த இரண்டையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வேதமே இங்கே ரொம்பத் தெளிவு. தீர்க்கதரிசிகள் பேசலாம், மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள் என்கிறது 1 கொரிந்தியர் 14. நிதானிப்பது என்றால் சொல்லப்பட்டது வேதத்துக்கு ஒத்திருக்கிறதா, நடந்ததா, சொன்னவருக்கு அதில் ஆதாயம் உண்டா என்று சபை சேர்ந்து பார்ப்பது. அந்த இரண்டாவது பாதியை விட்டுவிட்டு முதல் பாதியை மட்டும் நடத்துகிறோம். புது வருட ஆராதனையில் சொன்ன தீர்க்கதரிசனத்தை டிசம்பரில் யாராவது எடுத்து வாசிக்கிறார்களா?

அடுத்து வியாதி. மத்தேயு 4:24-ல் பலவித வியாதியஸ்தர், பிசாசு பிடித்தவர்கள், சந்திரரோகிகள் (வலிப்பு நோயாளிகள்), திமிர்வாதக்காரர் (பக்கவாதம் வந்தவர்கள்) எல்லாரும் தனித்தனியாகச் சொல்லப்படுகிறார்கள். பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்கு வயிற்றுவலி ஆவியைக் கட்டவில்லை, கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்றார். வலிப்புக்கும் மன நோய்க்கும் சாப்பிடுகிற மாத்திரையை நிறுத்தச் சொல்கிற எந்த ஊழியரையும் நம்ப வேண்டாம். ஜெபியுங்கள், மாத்திரையையும் போடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

## அப்படியானால் யுத்தம் பண்ணுவது எப்படி

உபவாசம் இருங்கள், இரவு ஜெபத்துக்குப் போங்கள், எதையும் குறைக்கச் சொல்லவில்லை. கூடவே, உங்களோடு பேசாத சகோதரனிடம் இந்த வாரமே போய்ப் பேசுங்கள், ஏனென்றால் எபேசியர் 4 காட்டுகிற வளை அங்கேதான் இருக்கிறது. பிரசங்கத்தில் ஒரு வசனம் கேட்டால் அதற்கு மேலும் கீழும் உள்ள வசனங்களை வீட்டில் வாசியுங்கள். பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே அப்படித்தான் ஒத்துப் பார்த்தார்கள், அதற்காக அவர்களை நற்குணசாலிகள் என்று வேதம் சொல்கிறது.

பணத்துக்கு வழி பவுலே காட்டியிருக்கிறார். எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த தர்மப்பணத்தை அவர் தனியாக எடுத்துப் போகவில்லை. தீத்துவோடு, சபைகளே தெரிந்தெடுத்த சகோதரனையும் கூட அனுப்பினார். யாரும் எங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு எச்சரிக்கையாயிருக்கிறோம், கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம் என்று 2 கொரிந்தியர் 8-ல் காரணமும் எழுதினார். இதை இன்றைய சபைக்குக் கொண்டுவந்தால் குடும்பத்துக்கு வெளியே இருக்கிற இரண்டு பேர் காணிக்கையை எண்ணுவது, டிரஸ்டில் பாஸ்டரின் உறவினர் அல்லாதவர்களும் இருப்பது, வருடம் ஒருமுறை ஆடிட்டர் கையெழுத்திட்ட கணக்கைச் சபைக்கு முன் வாசிப்பது. இதற்கெல்லாம் எழுப்புதல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, அடுத்த மூப்பர் கூட்டத்தில் பேசினால் போதும்.